போகும் தையல், வரும் தையல்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, சந்தை அதிகாரி ஐயா. நாள் முழுக்கக் குனிந்து தைப்பவளுக்கு நிற்பதுதான் ஓய்வு. நின்றே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நுதார். கெய்ரோவின் ஸுவைலா கோட்டை வாசலுக்குப் பின்சந்தில், அமீர் வீட்டுப் பெண்களின் சட்டைக் கைகளுக்கு நட்சத்திரப் பட்டை தைக்கிறோம். தைக்கிறோம் என்றால், நானும் ஜவ்ஹராவும். துணியை இழுத்துக் கட்டிய ஒரே மரச்சட்டத்தில் எதிரெதிராக உட்காருவோம். நான் நான்கு இழை தைத்து, நான்கு இழை விட்டு, நட்சத்திரத்தின் எட்டு முனைகளையும் சுற்றிப் போவேன். நான் விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு அவள் திரும்பி வருவாள். முடிந்த துணியில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பதினொரு வருடம் இப்படித்தான் போய் வந்தோம்.

ரஜப் மாதத்தில் டமாஸ்கஸ் பஞ்சு வியாபாரி ஒருவருக்கு அவளை நிச்சயம் செய்தார்கள்.

"இனிமே உன் நட்சத்திரத்துக்கு நீயே போ, நீயே திரும்பி வா அக்கா," என்று சிரித்தாள் ஜவ்ஹரா.

"ஏன்டி, கெய்ரோவுல வேற ஆளே இல்லையா?"

"ஆளு இருக்கு. உன் வாயைத் தாங்குற ஆளுதான் இல்ல."

அவள் சொன்னது உண்மைதான். மூன்று பெண்களைச் சட்டத்தின் எதிரே உட்காரவைத்துப் பார்த்தேன். மூவரும் பிசகினார்கள். ஓர் இழை பிசகினாலும் எட்டாவது முனை மூடாது, ஐயா. பிளந்தே நிற்கும். அந்தத் துணியைப் பிரித்துப்போட்டேன். கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

புதுத் துணி சட்டத்தில் ஏறும் நாளில் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் சுர்மா மை இடுவது எங்கள் வழக்கம். தன் கண்ணுக்குத் தானே இட்டுக்கொள்பவளின் எண்ணிக்கை தவறும் என்பார்கள். முடி நீக்கக் குளியலறையில் வைத்திருக்கும் சுண்ணாம்பு எல்லார் வீட்டிலும் உண்டு. அதில் கொஞ்சம் எடுத்துச் சுர்மாச் சிமிழில் கலந்தேன்.

ஒரு கண் போதும் என்பதே என் கணக்கு. ஒற்றைக் கண்ணோடு இருப்பவளை அந்த வியாபாரி டமாஸ்கஸ்வரை கூட்டிப்போக மாட்டார். தைப்பதற்கோ ஒரு கண் தாராளம்.

ஜவ்ஹரா என் மடியில் தலை வைத்தாள். வலது கண்ணில் இட்டேன்.

"எரியுது அக்கா."

"நல்ல சுர்மான்னா எரியத்தான் செய்யும். அசையாதடி."

"அப்ப இதுலயும் போட்டுடு. ரெண்டும் சேர்ந்தே எரிஞ்சு தொலையட்டும்."

இடது கண்ணின் இமையை அவளே விரலால் விரித்துக் கொடுத்தாள். கேட்டாள், இட்டேன். அந்தக் கண்ணையும் என் குற்றக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

இரண்டு கண்ணும் போனவளை மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாரத்தில் வந்து, பார்த்து, நிச்சயத்தை முறித்துக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் ஆட்கள் சிமிழைச் சோதித்து, அந்தச் சுர்மாவை விற்ற கடைக்காரர் சாபிரைக் கட்டி இழுத்துவந்தார்கள். நாளை அவரைக் கழுதைமேல் திருப்பி உட்காரவைத்துக் கடைத்தெரு முழுக்கச் சவுக்கால் அடிப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது தவறு. தையலில் பிழை வந்தால் பிழையான இடத்தைத்தான் பிரிக்க வேண்டும். பக்கத்து நட்சத்திரத்தைப் பிரிக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். சாபிரின் சுர்மா சுத்தமானது.

ஜவ்ஹராவுக்கு இது தெரியாது. இப்போதும் எதிரே உட்காருகிறாள். நான் விட்ட இடைவெளிகளை விரல்நுனியால் தடவி நிரப்பிக்கொண்டு வருகிறாள். இதுவரை ஓர் இழைகூடப் பிசகவில்லை. சாயங்காலமானால் என் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னக்கா ஆவேன்?" என்கிறாள். டமாஸ்கஸ் போயிருந்தால் யார் அவளை இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

எந்தச் சிறைக்கு அனுப்பினாலும் போகிறேன், ஐயா. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவளையும் என்னோடு அனுப்புங்கள். கண் தெரியாத பெண்ணை இரக்கமில்லாதவர்கள் கையில் விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை.