அழாத கொழந்த

விசாரிக்கத்தான வந்தீங்க? அப்ப உள்ள வந்து ஒக்காருங்கம்மா. வாசல்ல நின்னு பேசினா எதிர்வூட்டு மணியம்மா காதுல வுழும். நாலு தறி ஓடுற சத்தத்துலயும் தன் பேரு வந்தா அதுக்குக் கேட்டுடும்.

மாப்பிள்ள ராமராஜனா? ஒரு கொற சொல்ல முடியாது. பீடி இல்ல, குடி இல்ல. அம்மா நில்லுன்னா நிக்கும். மொதப் பொண்டாட்டிய அனுப்புன்னா அனுப்பிடும். தங்கக் கம்பி!

அவளப் பத்தி இன்னா சொன்னாங்க? வம்சத்துலயே மூளக்கோளாறா? சூடாமணி வம்சத்துலயா? சர்தான். அவ அண்ணன் கணக்கு வாத்தியாரும்மா.

மணியம்மா மருமவள எப்படித் தாங்குச்சுன்னு கேளுங்க. மாசமா இருக்கிறவ பப்பாளியக் கண்ணால பாக்கக் கூடாது. எள்ளுருண்ட கூடாது. கிரகணத்தன்னிக்கு ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டுச்சு, சூரியன் எட்டிப் பாத்துடப் போறான்னு. அவ்ளோ ஜாக்கிரத!

அப்புறம் தறி. தறி அடிக்கிற அதிர்ச்சி வயித்துப் புள்ளைய உலுக்கிடுமாம். தாய் தூங்கினா புள்ளையும் தூங்கிடுமாம். அதுவா கண்டுபிடிச்சுது. புருஷன் செத்தப்ப தனக்கு டாக்டர் எழுதிக் குடுத்த தூக்க மாத்திர இருந்துதே, அத்தப் பொடிச்சுப் பால்ல கலந்து குடுத்துது.

தறிய நிறுத்தியிருக்கலாமா? நல்லாக் கேட்டீங்க போங்க! முகூர்த்த மாசத்துல தறி நிக்குமா? புள்ளதான் தூங்கணும்.

டாக்டரையா? எதுக்குக் கேக்கணும்? எனக்கு ஒத்துக்கினுது, அவளுக்கு ஒத்துக்காதான்னுச்சு. மொதல்ல அரை. அப்புறம் முழுசு. தறி ஓடுற வரைக்கும் அந்தப் பொண்ணு பகல்லயும் சுருண்டு கெடக்கும். பிரசவம் வரைக்கும் இதே கததான்.

கொழந்த பொறந்துது. அழல. ஈரத்துணி மாரி தோள்ல தொங்குச்சு. மாருல வெச்சா சப்பத் தெரியல. நர்சம்மா பதறிக்கினு ஓடுது, மணியம்மா தெருவுக்கே கல்கண்டு குடுக்குது. எங்க பேத்தி எவ்ளோ சாது, சத்தமே இல்லன்னு!

அந்த சாது நாலு வயசாகியும் அம்மான்னு சொல்லல. மெட்ராஸ்ல பெரிய டாக்டராண்ட காட்டினோம். மாத்திரையாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா வயித்துல மூள வளர்ற நேரத்துல அப்படிக் குடுத்திருக்கவே கூடாதுன்னாரு. மணியம்மா அதுக்கு இன்னா சொல்லுச்சு தெரியுமா? கிரகணத்தப்ப இவ பொரண்டு படுத்துட்டாளாம். டாக்டருக்கு அதெல்லாம் தெரியாதாம்.

நீங்க ஜாதகம் பாத்தாச்சு, பொருத்தம் பாத்தாச்சு. அந்தம்மா அலமாரியில மாத்திர அட்ட இன்னும் இருக்குதே, அத்தப் பாத்தீங்களா?

தோ, பக்கத்துல நின்னு உங்க முந்தானையத் தடவிக்கினு இருக்குதே, அதான் ஸ்நேஹா. ஏழு வயசு. ஒண்ணும் பண்ணாதும்மா, பொடவைய இழுத்துக்காதீங்க. பட்டுன்னா அதுக்கு உசுரு. சூடாமணி வேலைக்குப் போயிருக்கா, பொழுது சாஞ்சா வந்துடுவா. ரெண்டு பேரும் எங்கூடதான்.

நான் யாருன்னு கேக்கவே இல்லியே நீங்க? கல்யாணம் முடிவாச்சுன்னா உங்க பொண்ணு கழுத்துல மூணாம் முடிச்சு நான்தான் போடணும். சூடாமணிக்கும் இதே கைதான். மணியம்மாவுக்குப் பொண்ணுன்னு நான் ஒருத்திதான.

காபிக்கு சக்கர போடலாமா?