கனடாப் பூ

— நூல் மட்டும் கிடக்குது. பூ எங்க, மலையாண்டி அண்ணை?

— எந்தப் பூவு?

— விளையாடாதேங்கோ. விதைக்கெண்டு சிவப்பு நூல் கட்டிவிட்ட நாலு பூமண்டையும் எங்க? காலை முறிச்சுக்கொண்டு அகதி முகாமில நாப்பது நாள் கிடந்தன். தோட்டக்காரன் எண்டு உங்களிட்ட ஒப்படைச்சிட்டுத்தானே போனனான்?

— செல்வநாயகி, மொத ஒக்காரு. நொண்டிக்கிட்டே நிக்காத. செடியப் பாத்தியா? அறுபத்து மூணு பூவு, எண்ணிப்புட்டேன். லாட்ஜுக்கு வர்றவுக கோயிலுக்குப் போறதுக்கு முன்ன இங்கன நின்னுதேன் போட்டோ புடிக்கிறாக. நடுவுல முள்ளெலி முதுகாட்டம் இருக்கே, இது என்ன பூவுங்குறாக. கனடாப் பூவுன்னேன். யாரு வளத்ததுன்னாக.

— என்ன சொன்னனீங்கள்?

— நாந்தேன்னேன்.

— ஓம், ஓம்! போன வருசம் கீரை எண்டு சொல்லிப் பிடுங்க வந்ததும் நீங்கள்தானே?

— பின்ன? ஒரு வருசம் முழுக்க வெறும் எலையா நின்னா என்னன்னு சொல்றது? நாங்க கமுதிக்காரய்ங்க. மொளகா நட்டா மூணு மாசத்துல காயக் கண்ணுல காட்டிப்புடும்.

— நான் செடிக்கு முன்னால குந்தியிருக்காட்டி இண்டைக்கு உங்களுக்குப் போட்டோ இல்லை.

— அது சரிதேன்.

— கூம்புப்பூ எண்டு எழுதி, மகள் டிலக்ஷனா கனடாவில இருந்து காயிதத்துக்குள்ள மடிச்சு அனுப்பினவள். பனிக்குள்ள கிடந்தாத்தான் முளைக்குமாம். மண்டபத்தில பனிக்கு நான் எங்க போறது? பாக்கர் தம்பியின்ர மீன் பெட்டியில, ஐஸுக்குள்ள, ஈரமணலோட முப்பத்தைஞ்சு நாள் வச்சன். எல்லாரும் சிரிச்சவை. எல்லாரையும்விடக் கூடச் சிரிச்சது நீங்கள்.

— வெதையக் கொண்டுபோயி மீனோட படுக்கப்போட்டா சிரிக்க மாட்டாகளா? எங்கய்யா கேட்டிருந்தா சுடுகாட்டுலருந்து எந்திரிச்சு வந்திருப்பாரு. ஐஸும் இல்ல கிய்ஸும் இல்ல, நான் ஊத்துன தண்ணியிலதேன் மொளைச்சுச்சு. இப்பவும் சொல்லுவேன்.

— சொல்லுங்கோ, சொல்லுங்கோ. ஏழு விதை. ஏழும் வந்தது. உப்புத்தண்ணி, கடல்காத்து, ஆடு, மனேஜர், எல்லாத்தையும் தாண்டி வந்தது. முப்பத்து நாலு வருசத்தில இந்தக் கரையில, இது நான் வளத்ததெண்டு விரலை நீட்டிக் காட்ட இது ஒண்டுதான். நாளைக்கு விடிய ஊருக்கு, மன்னாருக்குப் பயணம். வீட்டில கூரை இல்லையாம், கிணறு இருக்குதாம். அந்தக் கிணத்தடியில இதைப் போடோணும் எண்டுதான்... கதையை மாத்தாதேங்கோ அண்ணை. மண்டை எங்க?

— வெட்டிப்புட்டேன்.

— வெட்டிப்போட்டியளோ!

— காஞ்சு கருப்பா நின்னுச்சு. செத்த பூவ எடுங்கன்னாரு மேனேஜரு.

— செத்ததில்லை, முத்தினது! அவருக்குத் தெரியாது. மண்ணோட பிறந்து மண்ணோட வளந்த உங்களுக்குமோ தெரியாது?

— ஏந்தங்கச்சி கத்துற? இருக்குற பூவுல ரெண்டப் பறிச்சுக்கிட்டுப் போயேன்.

— பிஞ்சுப் பூவில எங்கால விதை? போங்கோ. உங்களை நம்பிப் படுத்தது என்ர பிழை.

— மலையாண்டிண்ணே! சங்கரா மீனு இருக்கு, வாவல் இருக்கு... அட, செல்வநாயகி அக்கா! மாவுக்கட்டப் பிரிச்சாச்சா? அல்லா காப்பாத்துனான்.

— பாக்கர், நீ போயிட்டுப் பெறகு வா.

— எங்கிட்டுப் போறது? இன்னைக்குக் கொண்டாந்தே ஆகணும்னு நேத்துலருந்து போனப் போட்டு உசுர எடுத்தது யாரு? இந்தாங்க பொட்டலம். கவிச்சி அடிக்கும், கழுவிக்கங்க.

— ஏலே, வாய மூடுடா.

— என்ன தம்பி அது? சில்லெண்டு கிடக்குது.

— நாலு மண்டை வெதக்கா. ஈரமணல்ல பொதிஞ்சு, ஐஸுக்குள்ள இன்னையோட முப்பத்தஞ்சு நாளு, ஊருல எறங்குன அன்னைக்கே ஊனிரலாமாம். நான் ஐஸ நம்புனேன்னு தெரிஞ்சா தங்கச்சி மன்னாருக்குப் போயும் சிரிக்கும், அதுகிட்ட மட்டும் சொல்லிராதன்னு அண்ணே எங்கிட்ட சத்தியம்ல வாங்குனாக!