போல்ட்டைப் பார்த்தவன்

எங்கள் ரூமுக்குத் தோசைக்கல் வாங்கியது நான்தான் சார். ஆனால் தோசை முறுகலாக வருவது வேல்ராஜ் கைக்குத்தான். சங்கரன்கோவிலிலிருந்து ஒன்றாக வந்தோம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூம், ஒரகடத்தில் ஒரே ஆய்வுக்கூடம். லாரி ஸ்பிரிங்கை மெஷினில் மாட்டி, உடையும்வரை அழுத்திப் பார்ப்பது அவன் வேலை. ஏன் உடைந்தது என்று ஆராய்ந்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை.

போன மாதம் மேனேஜர் பிரவீனா மேடம் எங்களைக் கூப்பிட்டு, ஆய்வு ரிப்போர்ட் எழுத ஒரு ஏஐ வந்திருக்கிறது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். அது எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வாக்கியமெல்லாம் என்னுடையது. என் பழைய ரிப்போர்ட்டுகளை அதற்கு ஊட்டி வளர்த்தது வேல்ராஜ். இனி அந்த வேலைக்கு ஒரு ஆள் போதும், அந்த ஆள் அவன் என்பதும் முடிவாகியிருந்தது. இவ்வளவு நாளும் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் மூச்சு விடவில்லை. அன்று பாத்ரூமில் போய் அழுதேன் சார்.

சோதனை நியாயமாகத்தான் நடந்தது. விடை தெரிந்த பழைய கேஸ்களை மட்டும் கேட்பது என்று ஏற்பாடு. பதில் சரியா என்று நான் சொல்வதே முடிவு. எல்லாவற்றுக்கும் அது சரியாகவே சொன்னது. கடைசியில் மேடம் ஏற்பாட்டை மீறி, விடை தெரியாத ஒன்றைக் கேட்டார். வேல்ராஜ் ஓட்டும் மெஷினில் அழுத்தத்தின் அளவு ஏன் ஏறி இறங்குகிறது? ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டில் விரிசல் இருக்கலாம், ஓட்டினால் ஸ்பிரிங் தெறிக்கும், மெஷினை நிறுத்துங்கள் என்றது.

நான் அவசரப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில், விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு மருந்தைப் போல்ட்டில் அடித்துப் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. சுத்தமாகத் துடைத்துவிட்டு, கை கழுவிச் சாப்பிடப் போனேன்.

"சொல்லுங்க சுந்தரம், போல்ட் விஷயம் கரெக்டா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். தெரியாததுக்கு இட்டுக்கட்டுது."

"இன்னா சார் இது, நம்மளவிட நல்லா ரீல் வுடுது" என்றான் லைன் சூப்பர்வைசர் எபினேசர். எல்லோரும் சிரித்தார்கள்.

வேல்ராஜ் சிரிக்கவில்லை. மெஷினை ஓட்டப் போகுமுன் என்னிடம் வந்தான்.

"ஏல, போல்ட்ட நீ பாத்தியா?"

"பாத்துட்டேம்ல. நல்லாத்தான் இருக்கு."

"நீ பாத்தா சரிதாம்ல."

ஸ்பிரிங் அவன் நெஞ்சில் பட்டது. ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன், கையைப் பிடித்துக்கொண்டே போனேன். ஸ்ரீபெரும்புதூர் வருமுன்பே முடிந்துவிட்டது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதுங்கள். அவன் என்னிடம் ஒரு விஷயத்தை மறைத்தான். நானும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மறைத்தேன்.