விற்ற காரைத் தேடி

“ஆறு வருஷத்துக்கு முந்தி வித்த காரை இப்பத் தேடிட்டு அலையுதேன்” என்று பஸ்ஸில் முன்சீட்டுப் பெரியவர் சொன்னதும், பார்த்துக்கொண்டிருந்த கைப்பேசியை அணைத்துவிட்டேன். ராஜபாளையத்தில் ஏறியவர். மடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது.

“எதுக்கு அண்ணாச்சி?” என்றார் பக்கத்தில் இருந்த இளையவர்.

“கம்பெனில இருந்து லெட்டர் வந்திருக்கு. டிரைவர் சீட்டு ஏர்பேக்ல கோளாறாம். விரியும்போது இரும்புத்துண்டு மூஞ்சில தெறிக்குமாம். கொண்டு போனா சும்மாவே மாத்தித் தாராகளாம்.”

“அது ஒங்களுக்கு ஏன் வருது?”

“வாங்குனவன் ஆர்.சி. புக்ல பேரை மாத்தல. அவன் தேவதானத்துல ஒருத்தர்ட்ட வித்தான். அவரு சுந்தரபாண்டியத்துல ஒரு டீச்சருக்கு வித்துட்டாரு. ஒருத்தரும் பேரை மாத்தல. இன்னும் என் பேர்லதான் ஓடுது.”

“டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்லலாம்லா?”

“போட்டேன். என் பேரைச் சொன்னதும், ‘காரைத் திருப்பிக் கேட்டுராதீங்க சார், அடுத்த மாசம் பேரை மாத்திருதேன்’னு வச்சிட்டாக. பொறவு எடுக்கவே மாட்டேங்காக.”

இளையவர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. “தெனமும் அதுலதான் பள்ளிக்கொடம் போறாகளாம்” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சுந்தரபாண்டியம் பஸ்ஸுக்கு மாற அவர் எழுந்தார்.

“ஒங்களப் பாத்துக் கதவையே தொறக்கலைன்னா?” என்றார் இளையவர்.

“தொறக்க வேண்டாம். கார் கண்ணாடி வைப்பருக்கு அடியில இந்த லெட்டரைச் சொருகிட்டு வந்துருவேன். வண்டிய எடுக்கணும்னா இதை எடுத்துத்தான ஆகணும்!”