ஒற்றைக் காலில் தலைமையாசிரியர்

– ஒரு மனிதனுடைய மதிப்பு, அவன் எப்படி நிமிர்ந்து நிற்கிறான் என்பதில் இருக்கிறது, யசுவே. முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

– சொல்லிக்கொடுத்தீங்க. இப்ப நிமிர்ந்து உக்காருங்க, பேன்ட்ட கழட்டணும். நனைஞ்சு நாறுது.

– அது தேநீர்.

– அஞ்சு மாசமா துவைக்கிற பொண்டாட்டி நான். தேநீர் எது, உங்களோடது எதுன்னு எனக்குத் தெரியாதா?

– கவனி. வந்தவ நகராட்சி அதிகாரி. வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி ஒரு ஒழுங்கு வேண்டாமா?

– அவ எதுக்கு வந்தா? இடுப்பெலும்பு ஒடிஞ்சவருக்கு என்னென்ன முடியலன்னு பாத்து எழுதிக்க வந்தா. முடியலன்னு எழுதினாத்தான் உதவிக்கு ஆள் அனுப்புவாங்க. நீங்க டை கட்டிக்கிட்டு உக்காந்தீங்க.

– பழக்கம்.

– தினமும் காலையில கோயில் படி வரைக்கும் நடக்கறேன்னீங்க. கட்டில்லேருந்து கழிப்பறை எட்டடி. அதுக்கே என் தோள்ல நகத்தைப் பதிச்சுக்கிட்டு நடுங்குறீங்க. பாருங்க, புண்ணாக் கெடக்கு. ஒத்தக் கால்ல நிக்க முடியுமான்னு அவ பேச்சுக்குத்தான் கேட்டா. தலைமையாசிரியர் குரோய்வா கொக்கு மாதிரி நின்னாரு.

– நின்னேன் இல்ல?

– நின்னீங்க. நின்னபடியே நனைச்சீங்க.

– அவளோட அம்மா என் மாணவி. இந்த நாகானோ ஊர் முழுக்க என் மாணவர்கள்.

– அதுக்குத்தான் மூத்திர பாட்டிலைப் பூஜாடிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கச் சொன்னீங்களா, கைக்குட்டை போத்தி? அவ ரெண்டையும் பாத்துட்டு, பூ நல்லா இருக்குன்னா.

– யசுவே. குளியலறையில விழுந்தப்ப எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுது. எழுந்திருக்கும்போதெல்லாம் இன்னும் கேக்குது. இதை ஒரு சின்னப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?

– வாயைத் திறந்து சொல்றது. பயமா இருக்குன்னு ரெண்டு வார்த்தை. இந்த வெத்து மரியாதையைப் பாத்தாலே அருவருப்பா இருக்கு. இனிமே ஒரு ஆளும் வரமாட்டாங்க. எழுபத்தொம்பது வயசுல நான் உங்களைத் தூக்கி, ஒருநாள் ரெண்டு பேரும் சேந்து விழப்போறோம்.

– இரு, இரு. கிளம்பும்போது உன்னை வாசல்ல நிறுத்தித் தனியாப் பேசினாளே. கூட இருக்கிறவங்க சொல்றதையும் எழுதிக்குவாங்களாமே?

– ஆமா. சார் பெருமைக்குச் சொல்றாருன்னு தெரியுது, உண்மை நெலவரத்தை நீங்க சொல்லுங்கம்மான்னா. பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னா.

– அப்பாடா. அப்ப எல்லாத்தையும் சொல்லியிருப்பே. தோள்புண்ணு, பாட்டில், எல்லாம்.

– இந்தக் காலைத் தூக்குங்க.

– என்ன சொன்னே?

– எனக்கு ஒரு சிரமமும் இல்லைன்னு சொன்னேன்.