டெல்ஃபினாவின் வயிற்றில் இருந்தது

உட்காருங்கள் டாக்டர், மழை விட நேரமாகும். லெய்தேத் தீவின் இந்தப் பக்கம் நடவுக் காலத்தில் யார் கால்தான் காய்ந்திருக்கிறது? வயல் தண்ணீரில் நத்தை; நத்தையிலிருந்து புழு; அது தோல்வழியே ஏறி ஈரலைக் கெடுக்கும். இருபத்தாறு வருடமாக இங்கே மருத்துவச்சி நான். பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

சதுப்போரக் குடிசையில் இருந்த டெல்ஃபினாவைத்தான் கட்டுவேன் என்று என் மகன் கிறிசாந்தோ பிடிவாதமாக நின்றான். அவன் வாத்தியார் வேலைக்குப் படித்தவன்.

ஜூனில் அவள் அம்மா பசியா அவளை என்னிடம் கூட்டிவந்தாள். மாதவிலக்கு நின்றிருந்தது, வயிறு மேடிட்டிருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்தேன். கைகள் குச்சி, கண்ணில் லேசான மஞ்சள். வயிற்றின் ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து மறுபக்கம் சுண்டினேன். உள்ளே நீர் அலையாக ஓடிவந்து கையில் மோதியது. கணுக்காலை அழுத்தினேன், குழி அப்படியே நின்றது.

"எத்தன மாசம், மனா?" என்றாள் பசியா. ஊருக்கே நான் மனா, அக்கா.

"அவளையே கேளு."

கர்ப்பம் என்று நான் சொல்லவே இல்லை, டாக்டர்.

"மாதா சத்தியமா யாரும் என்னத் தொடல. நீங்களாவது சொல்லுங்க மனா," என்று டெல்ஃபினா என் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு கை கழுவப் போனேன்.

"அது என்னுது இல்லம்மா," என்றான் கிறிசாந்தோ. மறுவாரமே மணிலாவுக்குக் கப்பல் ஏறினான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பிறகு புழு மாத்திரை கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அலமாரி நிறைய இருந்தது. ஆனால் கொடுத்தால், ஏன் அன்றே கொடுக்கவில்லை என்று கேட்பார்களே. ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி பெரிதானது. பசியா மானத்துக்குப் பயந்து அவளை வீட்டுக்குள் பூட்டிவைத்தாள். ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்தேன். தொப்புள் பிதுங்கி, வயிறெல்லாம் நீல நரம்பு. என்னைப் பார்த்து எழுந்திருக்க முயன்றாள்.

அக்டோபரில் ரத்தமாக வாந்தியெடுத்த பிறகுதான் உங்களிடம் தூக்கிவந்தார்கள். மூச்சுவிட முடியாமல் கிடந்தவளுக்கு ஊசி செருகி நீர் இறக்கினீர்கள். "பிள்ள எங்க?" என்று பசியா உங்களைக் கேட்டாளே, அப்போது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அடக்கம் முடிந்ததும் பசியா என்னைத் தேடி வந்தாள். "அழாதீங்க மனா. உங்களுக்கும் தெரியாமத்தான போச்சு," என்று முதுகைத் தடவினாள். தடவட்டும் என்று இருந்துவிட்டேன். நேற்றும் வந்தாள்.

எனக்குத் தெரியும், டாக்டர். தெரிந்தேதான் அவளைச் சாகவிட்டேன். பசியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை; அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என் மகனிடம் மட்டும் வேண்டாம். அவன் மனசு தாங்காது.