மணல்திட்டிலிருந்து திரும்பும் நேரம்

கடலோரப் பறவைகளைப் படம் எடுப்பதில் ஒரு வசதி உண்டு. நாம் அவற்றிடம் போக வேண்டியதில்லை. கடல் இறங்கியிருக்கும்போது சேற்றுவெளி முழுக்கச் சிதறி மேய்கிற உள்ளான்களை, ஏறுகிற கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்து நம் காலடியில் சேர்த்துவிடும். அசையாமல் படுத்திருந்தால் போதும். இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து இறங்கும் பறவைகள் களைப்பில் ஆளைக்கூடச் சட்டை செய்யாது. கண்ணைச் சுற்றியுள்ள வளையம் தெரியும் அளவுக்கு நெருங்கி வரும். ஆகவே நல்ல படம் கிடைக்கும் நேரமும், எழுந்து ஓட வேண்டிய நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது, ஐயா. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

பகலில் நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறேன். ஒவ்வொரு சீட்டையும் மூன்று முறை படிப்பேன். படித்து முடித்த பிறகும் சரியாகப் படித்தோமா என்று தோன்றும். செவ்வாயும் சனியும் மாலையில் பறவை வகுப்பு. பள்ளிக்கூட மாடியறை, பன்னிரண்டு பேர். நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் இரண்டே வாரத்தில் கைகழுவிவிட்டார்கள், நான் மட்டும் விடவில்லை. அதைப் பார்த்துத்தான் நீர்நேரத் தாள் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

கரைக்கும் மணல்திட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. கடல் ஏறும்போது முதலில் அந்த ஓடைதான் நிறையும். எதிரே மணல் காய்ந்து கிடக்கும்போதே முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டுவிடும். கேமராவில் கண்ணை வைத்திருப்பவருக்கு அது தெரியாது. அதனால் வாரத்தின் ஏழு நாளுக்கும், திட்டிலிருந்து எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும் என்று கையால் எழுதி, மேலே பெயர் போட்டு, சனிக்கிழமைதோறும் ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று அரைமணி முன்னதாகவே போடுவேன்.

இறந்தவரை நாங்கள் லென்ஸ் அண்ணன் என்போம். அவருடைய லென்ஸ் கைக்குழந்தை நீளம் இருக்கும். தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தபடிதான் நடப்பார். ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பது அவர் தொழில், புதன்கிழமை விடுமுறை. யாராவது ஓர் அபூர்வப் பறவையைப் பார்த்ததாகச் சொன்னால், அதைப் பதிவேட்டில் ஏற்றலாமா கூடாதா என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு.

பருவம் தொடங்கிய மூன்றாவது வாரம் நான் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்தேன். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அலகின் நுனி மட்டும் கரண்டிபோல விரிந்திருக்கும். வாழ்நாள் முழுக்கத் தேடியும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். நான் பதினோரு வினாடி பார்த்தேன். கிடைத்தது ஒரே ஒரு படம்.

“என்ன தம்பி இது?” என்றார் லென்ஸ் அண்ணன்.

“கரண்டிமூக்கு உள்ளான், அண்ணா.”

“கரண்டி எங்க?”

“படத்துல திரும்பி நிக்குது. ஆனா நான் பாத்தேன்.”

“எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டு பத்து.”

“சாப்பிட்டியா?”

“இல்ல.”

“அதான். பசியில பாத்தா எல்லாமே கரண்டியாத்தான் தெரியும்.”

மாடியறை சிரித்தது. பதிவேட்டை வைத்திருக்கும் செயலாளர் அக்கா, “விடுங்க, பாவம், முகம் சுண்டிப்போச்சு” என்றார். அதற்கும் சிரித்தார்கள். லென்ஸ் அண்ணன் என் படத்துக்கு எதிரே ‘கொசு உள்ளான்’ என்று எழுதினார். கொசு உள்ளான் எல்லாக் கரையிலும் கிடக்கும்.

எனக்குக் கோபம் இல்லை. அன்றைய குறிப்பில் ‘கோபம் இல்லை’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதினோரு வினாடியை நினைக்கும்போதெல்லாம் அலகு கொஞ்சம் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு மாதத்தில் ஊசிபோல ஆகிவிட்டது. கூடத்தில் சீட்டுகளை ஐந்து முறை படிக்க ஆரம்பித்தேன். வகுப்பில் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்னப்பா, கரண்டியக் கழுவி வெச்சியா?” என்பார். நானும் சிரிப்பேன்.

பிறகு ஒரு நாள் செயலாளர் அக்கா சொன்னார். “அவரு இப்பல்லாம் புதன்கிழமை ஆனா திட்டுலதான் கெடக்கறாரு. ‘ஒருவேளை இருந்தா, படத்தோட நான் போடறேன் பதிவு’ன்னாரு.”

அதாவது, நான் பார்த்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியும் என்னிடம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமைத் தாளில் ஒரு பிழை செய்தேன். உண்மையான பிழைதான். ஒரு வரி தாண்டி, புதனுக்கு எதிரே வியாழனின் நேரத்தை எழுதிவிட்டேன். ஐம்பது நிமிடம் தள்ளி. பன்னிரண்டு தாளிலும் அதே பிழை. மூன்றாவது முறை படிக்கும்போது கண்ணில் பட்டது. பதினொன்றைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். பன்னிரண்டாவதில் அவர் பெயர் இருந்தது. அதை அப்படியே மடித்து வைத்தேன்.

அவர் அலைபேசியில் சரிபார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். திட்டுக்குப் போகிறவர்கள் அலைபேசியை வண்டியிலேயே விட்டுவிடுவது வகுப்பின் வழக்கம். மணி அடித்தால் ஆயிரம் பறவையும் எழுந்துவிடும். அந்த வழக்கத்தைக் கொண்டுவரச் சொன்னது நான்தான். அவருக்கு நீச்சல் வராது என்பதும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். என் கண்ணை நம்பாதவர் என் கையெழுத்தையும் நம்பமாட்டார் என்பதுதான் என் கணக்கு.

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். ஏழு பத்துக்குக் கரையில் தொலைநோக்கியை நிறுத்தினேன். குறிப்பை அப்படியே படிக்கிறேன்.

‘8.05: அண்ணன் குப்புறப் படுத்திருக்கிறார். உள்ளான்கள் முப்பதடியில். 8.40: கிளம்ப வேண்டிய நேரம். அசையவில்லை. 9.05: ஓடை இடுப்பளவு. பறவைகள் பத்தடியில். 9.20: எழுந்து திரும்பிப் பார்த்தார். 9.22: கை அசைத்தார். காரணம் தெளிவில்லை. 9.26: ஓடையில் இறங்கி, மறுபடி திட்டிலேயே ஏறினார். 9.41: திட்டின் மேல் நீர். 9.48: பறவைகள் மொத்தமாக எழுந்து வடக்கே போயின. சுமார் ஆயிரத்து நானூறு. 10.02: திட்டு தெரியவில்லை.’

அதன் கீழே, ‘கை நடுங்கியது, கண் கலங்கிவிட்டது, என்ன செய்வதென்று தோன்றவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். என் அலைபேசி சட்டைப்பையில் இருந்தது. படகுக்காரரின் எண் கரையில் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அவர் மனைவி மாடியறைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு தம்பி. உங்க தாளை மட்டும் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுப்பாரு. ‘அந்தப் பய மூணு தடவ பாக்காம எழுத மாட்டான்’னு சொல்லுவாரு. அப்படியும் நேரத்த மறந்துட்டாரே.”

“படம் எடுக்கும்போது அப்படி ஆகிடும், அக்கா” என்றேன்.

தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று அன்று எழுதி வைத்தேன். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன். அவருக்கு முன்னும் பின்னும் யாரும் என்னை அப்படி நம்பியதில்லை. அது அன்றே எனக்குத் தெரிந்திருந்தாலும் தாளை மடித்துத்தான் வைத்திருப்பேன். தெரிந்தேதான் கொடுத்தேன், ஐயா. கை அசைத்ததன் காரணமும் 9.22க்கே எனக்குத் தெரியும்.

கேமராவை நீங்கள் உலர்த்தி, படங்களை எடுத்துவிட்டீர்கள். கரண்டிமூக்கு உள்ளான் அதில் இல்லை. உங்கள் திரையில் இரண்டு முறை தேடினேன், மன்னிக்கவும். கடைசிப் பத்தொன்பது படங்களிலும் நான் இருக்கிறேன். கரையிலிருந்து நான் வருகிறேனா என்று அவர் அந்த லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான்காவதில் எழுதுகிறேன். ஏழாவதில் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றுகிறேன், ஒரு சொட்டும் சிந்தவில்லை. பதினாறாவதில் நேராக அவரைப் பார்க்கிறேன். பல் தெரிகிறது.

அதைச் சிரிப்பு என்கிறீர்கள். வெயில் முகத்தில் அடித்தால் யாருக்கும் வாய் அப்படித்தான் போகும் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன். இன்று காலை அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். எந்த நாளானாலும் முதல் வரியில் வானிலையைத்தான் எழுதுவேன்.

‘காலையிலிருந்து முழு மேகமூட்டம். வெயில் இல்லை.’